உடும்புக்கு ஒரு ஓட்டு!

போன வாரம் லேப் ரெக்கார்டு, இன்டர்னல் மார்க் என்று உங்க தோளில் சாய்ந்து அழுதாச்சு. இந்த வாரம் வாங்க, ஒரு பஸ் ஏறுவோம். நாமக்கல்லில் ஏறி, சேந்தமங்கலம், காரவள்ளி வழியா கொல்லிமலை!

காரவள்ளி தாண்டினதும் மலை ஆரம்பம். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுக்கும் ரோட்டோரத்தில் நம்பர் போட்டு போர்டு இருக்கும். ஜன்னல் சீட் பிடித்தவன் பாக்கியவான். கடைசி சீட் கிடைத்தவனுக்கு... சரி, அந்தக் கதை 48-வது வளைவில் வருது.

நாங்க அஞ்சு பேர். பேர் போட்டா ஹாஸ்டலில் உதை விழும். அதனால டிபார்ட்மென்ட் பேரிலேயே கூப்பிடறேன். சிவில், ட்ரிபிள்-ஈ, சி.எஸ்., மெக்கானிக்கல் (அது அடியேன்). அஞ்சாவது ஆள் மட்டும் கீப்பர். எங்க காலேஜ் ஹாக்கி டீமோட கோல்கீப்பர். செம்மேடு பக்கத்தில்தான் அவன் ஊர். ஆடி 17, 18 தேதிகளில் அங்கே வல்வில் ஓரி விழா. "வீட்டுக்கு வாங்கடா"னு கூப்பிட்டிருந்தான்.

உண்மையைச் சொல்லணும்னா, எங்களுக்கு விழா ஒரு சாக்குதான். போன சீஸன் ஸோனல் செமிஃபைனலில் 1-1. கடைசி நிமிஷம் ஒரு பெனால்டி கார்னர். கோல். டீம் அவுட். அன்னியிலிருந்து ஹாஸ்டலில் அவனுக்குப் பேர் 'ஓட்டை'. மெஸ்ஸில் சாம்பார் கொட்டினாக்கூட "ஓட்டை தடுத்திருக்கலாம்ல?"னு கேட்பாங்க. அவனும் சிரிப்பான். காலேஜ் திறந்த முதல் வாரமே பேடு, ஹெல்மெட் எல்லாத்தையும் மூட்டையா கட்டி பி.டி. சார் ரூமில் வைத்துவிட்டு வந்தான். "இனிமே வேணாம்டா." அவ்வளவுதான், வேற விளக்கம் கிடையாது.

அவனைப் பேசி மறுபடி இழுத்துட்டு வரணும் என்பதுதான் ப்ளான். ஆனா பஸ்ஸில் ஒருத்தனுக்கும் வாய் வரலை. முக்கியமான விஷயத்துக்கு வாய் வராதபோது பசங்க என்ன பண்ணுவோம்? வேற எதையாவது பிடிச்சு கத்துவோம்!

"ஹாக்கியில ஆல் டைம் கிரேட் யாருடா?" முதல் வளைவில் ஆரம்பித்தது சிவில். 70-வது போர்டு வர்றதுக்குள்ள முடிவு. தோற்கிறவன் எல்லாருக்கும் அன்னாசி வாங்கித் தரணும்.

சிவில் கையில் எடுத்தது தயான் சந்த். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் அவர் மட்டும் 14 கோல். 1932, 1936-லும் தங்கம். 1936 ஃபைனலில் ஜெர்மனியை அவங்க ஊர் பெர்லினிலேயே 8-1. தேதி ஆகஸ்ட் 15! அவர் பிறந்தநாளான ஆகஸ்ட் 29-தான் தேசிய விளையாட்டு தினம். 2021-ல் கேல் ரத்னா விருதுக்கே அவர் பேரை வச்சாச்சு. "இதுக்கு மேல என்னடா வேணும்?"

"வேணும்" என்றான் ட்ரிபிள்-ஈ. அவன் கட்சி பல்பீர் சிங் சீனியர். 1948, 1952, 1956. இவர் கையிலும் மூணு தங்கம். 1952 ஃபைனலில் நெதர்லாந்துக்கு எதிரா இந்தியா அடிச்சது 6, அதில் இவர் மட்டும் 5! அதுக்கும் மேல, 1948-ல் நாம தோற்கடித்தது யாரை? லண்டனில் வைத்து பிரிட்டனை. சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம்கூட முழுசா ஆகலை. 4-0, அதில் ரெண்டு பல்பீரோடது. "கோலுக்கு வெயிட்டேஜ் உண்டுடா" என்றான்.

அடியேன் விடுவேனா? தன்ராஜ் பிள்ளை! புனே பக்கம் கட்கியில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பையன். 4 ஒலிம்பிக், 4 உலகக் கோப்பை, 4 ஆசிய விளையாட்டு, 4 சாம்பியன்ஸ் டிராபி ஆடினவர். பந்தோட அவர் ஓடினா எதிர் டீம் ஆளுங்க டிராஃபிக் போலீஸ் மாதிரி கையை நீட்டிக்கிட்டு நிப்பாங்க.

"ஒலிம்பிக் மெடல் எத்தனை?" சிவில் ஒரே கேள்வியில் என்னை ஆஃப் பண்ணிட்டான்.

பூஜ்யம்தான். 2000 சிட்னியில் போலந்தை ஜெயிச்சா செமிஃபைனல். 1-0-னு முன்னிலை. ஆட்டம் முடியப் போற நேரத்தில் போலந்து ஒரு கோல் போட்டு 1-1. போச்சு! அதனாலேயே ஒருத்தர் கிரேட் இல்லைன்னு ஆயிடுமா? நான் கத்தினதில் முன் சீட்டு பாட்டி திரும்பிப் பார்த்து, "ஏன் தம்பி சண்டை?" என்றார். "ஹாக்கி பாட்டி" என்றேன். "அதுக்கு ஏன் அழுவுற?" என்றார். நான் அழவில்லை, பதிவு செய்துகொள்ளுங்கள்!

20-வது வளைவு தாண்டினதும் சி.எஸ். வாயைத் திறந்தான். அவன் ஸ்டிக்கைத் தொட்டதே கிடையாது. கம்ப்யூட்டரில் ஐஸ் ஹாக்கி கேம் ஆடியே டிகிரி வாங்கப் போறவன். "ஹாக்கின்னா ஐஸ் ஹாக்கியும் சேர்த்துத்தானே? அப்ப வெய்ன் கிரெட்ஸ்கிதான்!" கனடாக்காரர். என்.ஹெச்.எல்.லில் 894 கோல். அந்த ரெக்கார்டை 2025 ஏப்ரலில்தான் ஓவெச்கின் உடைத்தார். ஆனா கிரெட்ஸ்கியோட நிஜமான பூதம் வேற இடத்தில் இருக்கு. அடுத்தவன் கோல் போட அவர் கொடுத்த பாஸ் மட்டும் 1963. எல்லாக் காலத்திலும் ரெண்டாவது இடத்தில் இருக்கிற யாகருக்கு கோல், பாஸ் எல்லாத்தையும் கூட்டினாலும் 1921தான்! அதாவது கிரெட்ஸ்கி வாழ்க்கையில் ஒரு கோல்கூடப் போடாமல் இருந்திருந்தாலும் அவர்தான் நம்பர் ஒன். பஸ்ஸே ஒரு நிமிஷம் அமைதியாச்சு. (நெஜமா, டிரைவர் கியர் மாத்தினார்.)

"காலத்தைப் பாருடா" என்று ஆரம்பிச்சான் சிவில். தரையைப் பத்தி சிவில்காரன் பேசினா கேட்டுக்கணும். தயான் சந்த், பல்பீர் ஆடினதெல்லாம் புல் தரை. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில்தான் முதல்முறையா செயற்கைத் தரை. பந்து எங்கேயும் குதிக்காமல் சீறிக்கிட்டு ஓடும். எட்டு தடவை தங்கம் வாங்கப் பிறந்த நாம, அந்த வருஷம் ஏழாவது இடம். 1980 மாஸ்கோவில் நம்ம தமிழ்நாட்டு பாஸ்கரன் கேப்டனா இருந்து வாங்கினதுதான் கடைசித் தங்கம். அதிலும் பாகிஸ்தான், ஆஸ்திரேலியா, மேற்கு ஜெர்மனி எல்லாம் வரலை. ஆப்சைட் விதியும் தன்ராஜ் காலத்தில் போயிடுச்சு. அப்ப புல் தரை 14 கோலையும், டர்ஃப் கோலையும் ஒரே தராசில் எப்படி வைப்பது? எங்க அப்பா "நான் 72 பர்சென்ட்"னு சொல்லும்போது நான் என் சி.ஜி.பி.ஏ.வைச் சொல்லி முழிப்பேனே, அதே கேஸ்தான்.

48-வது வளைவு. கடைசி சீட்டு ட்ரிபிள்-ஈ, பல்பீர் கட்சியை அம்போன்னு விட்டுட்டு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிட்டான். மேலே எழுதினால் எடிட்டர் வெட்டிடுவார்.

அப்பத்தான் கீப்பர் பேசினான். அவனுக்குத் தண்ணி பாட்டிலைக் கொடுத்துக்கிட்டே, ரொம்பச் சாதாரணமா: "உங்க லிஸ்ட்ல ஒரு கீப்பர்கூட இல்லையேடா."

யாரும் பதில் சொல்லலை. அவனே தொடர்ந்தான். "1928-ல இந்தியா மொத்தம் 29 கோல் போட்டுச்சு. வாங்கினது எவ்வளவு தெரியுமா? ஒண்ணுகூட இல்ல. கீப்பர் பேர் ரிச்சர்டு ஆலன். உங்களுக்கு 14 கோல் தெரியும், அந்தப் பூஜ்யம் தெரியாது." தயான் சந்த் 1952-ல் எழுதின சுயசரிதைக்குப் பேரே 'கோல்'தான் என்று சொல்லிச் சிரிச்சான். 1932-ல் அமெரிக்காவை 24-1-னு ஜெயிச்சப்ப அந்த ஒரு கோல் எப்படி விழுந்துச்சாம்? ஆலன் வலைக்குப் பின்னாடி போய் ஆட்டோகிராஃப் போட்டுக்கிட்டு இருந்தார்னு ஒரு கதை உண்டு!

அப்புறம் அவன் சொன்ன பேர் சங்கர் லட்சுமணன். மத்தியப் பிரதேசத்து மாவ் ஊர்க்காரர், ராணுவத்தில் இருந்தவர். 1956, 1960, 1964. மூணு ஒலிம்பிக் ஃபைனல், மூணுமே பாகிஸ்தானோட. ஸ்கோர் கேளுங்க: 1-0, 0-1, 1-0. மூணு ஃபைனலிலும் சேர்த்து அவர் விட்டது ஒரே ஒரு கோல். ஹெல்மெட் கிடையாத காலம். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் அவரே கேப்டன், தங்கம். அதுக்கப்புறம் ஆசியத் தங்கம் எப்ப வந்தது? 32 வருஷம் கழிச்சு, 1998-ல், அதே பாங்காக்கில்.

"1998 கேப்டன் தன்ராஜ்" என்று நான் துள்ளினேன்.

"ஃபைனல் எப்படி முடிஞ்சுது, சொல்லு?"

கொரியாவோட டை. பெனால்டி ஸ்ட்ரோக். அதைத் தடுத்து ஜெயிக்க வைத்தவர் ஆஷிஷ் பல்லால். கீப்பர்! என் தலைவன் கேப்டனா தூக்கின தங்கம் இன்னொருத்தன் பேடில் பட்டு வந்தது. அந்தப் பேரை நான் அதுவரை ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லை.

சி.எஸ்.ஸையும் அவன் சும்மா விடலை. அதே 1998, நாகானோ குளிர்கால ஒலிம்பிக், கனடா - செக் செமிஃபைனல். ஷூட்-அவுட். கனடா அனுப்பிய அஞ்சு பேரையும் தடுத்தார் செக் கீப்பர் டொமினிக் ஹாஷெக். கிரெட்ஸ்கி? அவரை அந்த அஞ்சில் சேர்க்கவே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருந்தார்.

நான் மெக்கானிக்கல் ஆச்சே, மனசுக்குள் கணக்குப் போட்டேன். பெனால்டி கார்னரில் டிராக் ஃப்ளிக் பந்து மணிக்கு 100 கிலோமீட்டர் தாண்டும். வட்டத்தின் விளிம்பில் இருந்து கோல் 14.63 மீட்டர். வகுத்தா அரை செகண்ட் சொச்சம். 3.66 மீட்டர் அகலம், 2.14 மீட்டர் உயரம். அதுக்குள்ள ஒரு மனுஷன் பார்க்கணும், யோசிக்கணும், விழணும். நாங்க அவனுக்கு 'ஓட்டை'னு பேர் வைக்க அரை செகண்ட்கூட எடுத்துக்கலை.

இன்னொண்ணும் சொல்லிடறேன். அந்த செமிஃபைனலில் நான் மூணு ஈஸி சான்ஸை விட்டேன். ஒண்ணில் கீப்பரே இல்லை, காலி வலை. பந்து வெளியே போச்சு. ஹாஸ்டலில் ஒருத்தனும் எனக்குப் பேர் வைக்கலை. ஃபார்வர்டு விட்டா 'பேட் லக்', கீப்பர் விட்டா 'ஓட்டை'.

சங்கர் லட்சுமணன் 2006-ல் மாவ்-லயே இறந்துபோனார். காலில் கேங்ரீன், கையில் காசில்லை. இதையும் கீப்பர்தான் சொன்னான், 70-வது போர்டு தாண்டும்போது. தீர்ப்பு சொல்ல யாருக்கும் மூடு இல்லை. சோளக்காட்டில் இறங்கி நானே அன்னாசி வாங்கினேன்.

அவங்க வீட்டில் அம்மா ராகிக் களியும் கீரைக் குழம்பும் போட்டாங்க. ஆளுக்கு மூணு உருண்டை. "ஹாஸ்டல்ல இவன் நல்லா விளையாடறானாப்பா?" என்று என்னைத்தான் கேட்டாங்க. "சூப்பரா ஆடுவான்மா" என்றேன். அவன் தலையைக் குனிஞ்சு சாப்பிட்டுக்கிட்டே இருந்தான். கேரளாவில் ஸ்ரீஜேஷுக்கு முதல் கீப்பர் கிட் வாங்க அவர் அப்பா மாட்டை வித்தாராம். இங்கே சுவரில், காலேஜ் ஜெர்ஸியில் இவன் நிற்கிற போட்டோ ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தது.

மறுநாள் செம்மேட்டில் செம கூட்டம். வல்வில் ஓரி சிலைக்கு மாலை, மேளம், ஒரு பக்கம் வில்வித்தைப் போட்டி. கடையேழு வள்ளல்களில் ஒருத்தர்; ஸ்கூல் தமிழில் மார்க்குக்காகப் படிச்சிருப்பீங்க. புறநானூற்றில் வன்பரணர் பாடின விஷயம்தான்: ஒரே அம்பு. யானையைச் சாய்ச்சு, புலி, மான், பன்றின்னு வரிசையா துளைச்சுக்கிட்டு போய், கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் தைச்சு நின்னுது. பாடிப் புகழ்ந்தப்ப அந்த மனுஷன் வெட்கப்பட்டார்னும் பாட்டில் வருது.

"இவர்தான்டா ஆல் டைம் கிரேட்! ஒரே ஷாட்ல அஞ்சு!" சிவில் மறுபடி ஆரம்பிச்சுட்டான். "பல்பீரோட ஃபைனல் ரெக்கார்டு இங்கேயே டை" என்று ட்ரிபிள்-ஈ எண்ணிக்கிட்டிருந்தான்.

கீப்பர் சிலையையே பார்த்துக்கிட்டு நின்னான். "யானை விட்டுடுச்சு. புலி விட்டுடுச்சு. மான், பன்றி எல்லாம் விட்டுடுச்சு. நிறுத்தினது யாருடா? உடும்பு!"

அரை நிமிஷம் கழிச்சுத்தான் எங்களுக்கு உறைச்சுது. சி.எஸ். தரையிலேயே உட்கார்ந்து சிரிச்சான். அந்தச் சிரிப்போட சிரிப்பா நான் அந்த மூணு சான்ஸைப் பத்தி அவன்கிட்ட சொல்லிட்டேன். "தெரியும்டா. நான்தானே எதிர்ப்பக்கம் நின்னு பார்த்துட்டு இருந்தேன்" என்றான்.

என் ஓட்டு சங்கர் லட்சுமணனுக்கு. தன்ராஜ் ரசிகர்கள் மன்னிக்கவும், நானும் அந்தச் சங்கத்து ஆள்தான். உங்க ஓட்டு யாருக்குன்னு உங்க ஹாஸ்டலில் சண்டை போட்டு முடிவு பண்ணுங்க. இதை எழுதற வரைக்கும் மூட்டை பி.டி. சார் ரூமில்தான் இருக்கு. ஆனா அவனுக்கு இப்ப ஹாஸ்டலில் புதுப் பேர். 'உடும்பு'னு கூப்பிட்டா திரும்பிப் பார்க்கறான்.