கதிரவன் பொது, கூரை யாருடையது?

மாணவர்களே, திருவனந்தபுரத்தின் வீட்டுக் கூரைகள் பலவற்றில் இன்று கருநீலத் தகடுகளைக் காண்கிறோம். கதிரவனின் ஒளியை மின்சாரமாக மாற்றும் சூரியத் தகடுகள் அவை. நிலக்கரி எரியாமலும் புகை எழாமலும் மின்சாரம் கிடைப்பது நன்றே. ஆயினும், அதற்கு அரசு தரும் உதவி சொந்த வீடு உடையோர்க்கு மட்டும் சென்று சேர்வது முறையாகுமா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1 கிலோவாட் திறனுள்ள தகடுகள் வெயில் நன்றாக உள்ள நாளில் ஏறத்தாழ 4 யூனிட் மின்சாரம் தரும். மழைக்காலத்தில் இது குறையும். 3 கிலோவாட் அமைப்புக்கு ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய் செலவாகிறது எனக் கொள்வோம். 2024இல் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டத்தின்படி, அதற்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கும். எஞ்சியது 1,22,000 ரூபாய். மின்கட்டணத்தில் மாதம் 2,000 ரூபாய் மிச்சமானால், ஏறத்தாழ 5 ஆண்டுகளில் முதல் மீண்டுவிடும். தகடுகளோ 25 ஆண்டுகள் வரை உழைக்கும்.

கணக்கு இனிக்கிறது. ஆனால், மானியம் பெறத் தகடு பதிப்பதற்கு ஏற்ற கூரையுடன் சொந்த வீடு இருத்தல் வேண்டும். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்து, சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் கழக்கூட்டத்திலும் வாடகைக்குக் குடியிருப்போர் என் செய்வர்? மின்கட்டணத்தைச் செலுத்துபவர் குடியிருப்பவர். கூரைக்கு உரியவர் வேறொருவர். செலவு தமது, பயன் பிறர்க்கு என எண்ணி உரிமையாளர் தயங்குகிறார். நாளை வீடு மாறினால் போட்ட பணம் என்னாகும் என எண்ணிக் குடியிருப்பவரும் தயங்குகிறார்.

இதில் மற்றொரு சிக்கலும் உண்டு. கூரை மின்சாரம் நண்பகலில் மிகுகிறது; கேரளத்தின் தேவையோ மாலைக்குப் பின்பே உச்சமடைகிறது. பகலில் மிகுந்ததைக் கம்பி வழியே கொடுத்து, இரவில் திரும்பப் பெறும் வீடுகளுக்காக, மின்வாரியம் மாலை மின்சாரத்தை விலைகொடுத்து வாங்க நேர்கிறது. அச்செலவு கட்டணத்தில் சேரும்போது, தகடு இல்லாத வீட்டார் மீதும் சுமை விழுகிறது. ஆகவே, பயனில் பங்கு இல்லாதவர் சுமையில் மட்டும் பங்கு கொள்ளும் நிலை தோன்றுகிறது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. பள்ளி, சமுதாயக்கூடம் போன்ற பொதுக் கட்டடங்களின் கூரையில் தகடுகளைப் பதித்து, விளையும் மின்சாரத்தைப் பல குடும்பங்களின் கட்டணக் கணக்கில் பகிர்ந்து வரவு வைக்கலாம். தில்லியில் 2019இலேயே இத்தகைய பகிர்வுக்கு விதிகள் வகுக்கப்பட்டன. ஜெர்மனியில் வாடகை வீட்டார் தம் பால்கனியில் சிறு தகடுகளை மாட்டிக்கொள்கின்றனர். வீடு மாறும்போது அவற்றைக் கழற்றி எடுத்துச் செல்லவும் இயலும். மானியத்தைக் கூரைக்கு வழங்காமல் குடும்பத்திற்கு வழங்கினால், வீடு மாறினாலும் பங்கு தொடரும். அவ்வாறு செய்வதே நேர்மை என்பது என் கருத்து.

உங்கள் வீட்டு மின்கட்டணச் சீட்டை எடுத்து, எத்தனை யூனிட் செலவாயிற்று எனப் பாருங்கள். அதற்கு எத்தனை கிலோவாட் தேவை எனக் கணக்கிடுங்கள். என் கருத்தை ஏற்பினும் மறுப்பினும், காரணம் காட்டிப் பத்து வரிகளில் எழுதுக.