அழகு சிகிச்சைக்குப் போகிறீர்களா? விலைக்கு முன்னால் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

திருத்தணி மலையேறி முருகனுக்கு முடி கொடுத்துவிட்டு வருகிற ஊர் எங்கள் பொதட்டூர்பேட்டை. அதே ஊரில் இப்போது கல்யாணப் பேச்சு எடுத்ததும், ‘முன்னாடி வழுக்கை விழுதே, ஹேர் டிரான்ஸ்பிளான்ட் பண்ணிக்கலாமா?’ என்று கேட்கும் பையன்கள் இருக்கிறார்கள். தறி ஓட்டிச் சேர்த்த பணத்தோடு சென்னைக்கோ திருப்பதிக்கோ கிளம்புகிறார்கள். ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் போன் போட்டதும் கேட்கிற முதல் கேள்வி, ‘எவ்ளோ ஆகும்?’ என்பதுதான். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சென்னையில் நடந்தது என்ன?

2016 மே மாதம், சென்னை மருத்துவக் கல்லூரியில் இறுதியாண்டு படித்துவந்த 22 வயது மாணவர் முடி மாற்று சிகிச்சைக்குப் போனார். நடுவிலேயே உடல்நிலை மோசமானது. வேலூருக்குக் கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை. மயக்க மருந்து கொடுத்தவர் பாதியிலேயே கிளம்பிவிட்டார் என்று புகார் எழுந்தது. அந்த இடத்துக்கு இருந்தது அழகு நிலைய உரிமம்தான் என்றும் செய்தி வந்தது. டாக்டர் ஆகப்போகிறவருக்கே இந்தக் கதி என்றால், நாம் எவ்வளவு விசாரிக்க வேண்டும்?

சாதாரண ஊசிதானே?

மரத்துப்போக வைக்கும் மருந்துக்கு உடல் எடையைப் பொறுத்து உச்ச அளவு உண்டு. மணிக்கணக்கில் நீளும் சிகிச்சையில் திரும்பத் திரும்பப் போட்டு அளவு மீறினால் வலிப்பு வரலாம், இதயமே நின்றுபோகலாம். கொழுப்பு உறிஞ்சும் லைப்போசக்‌ஷனில் கொழுப்புத் துகளோ ரத்தக்கட்டியோ நுரையீரலை அடைக்கும் ஆபத்தும் உண்டு. 2022 மே மாதம் பெங்களூருவில் கன்னட சின்னத்திரை நடிகை சேத்தனா ராஜ், கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப் போன இடத்தில் உயிரிழந்தார். அவருக்கு வயது 21.

கேட்க வேண்டியவை

ஒன்று, கத்தியை எடுப்பவர் யார்? விளம்பரத்தில் சிரிப்பவரா, வேறொருவரா? பெயரையும் பதிவு எண்ணையும் வாங்கி, தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் இணையதளத்தில் பாருங்கள். பிளாஸ்டிக் சர்ஜரிக்கு எம்.சிஎச். என்ற தனிப்படிப்பு இருக்கிறது. யூடியூபும் பயிலரங்கும் பார்த்துவிட்டு அழகு சிகிச்சை செய்யத் தொடங்குவது போதாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது.

இரண்டு, மயக்க மருந்து டாக்டர் கடைசிவரை பக்கத்தில் இருப்பாரா?

மூன்று, அந்த இடம் மருத்துவமனையா, பார்லரா? தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி பதிவு வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். ஆக்சிஜன் இருக்கிறதா, அவசரமென்றால் எந்த ஐ.சி.யூ.வுக்கு அனுப்புவார்கள் என்றும் கேளுங்கள்.

நான்கு, ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு வாங்கினால் யாரைக் கூப்பிடுவது? நம் ஊர்க்காரர்களுக்கு இதுதான் முக்கியம். காலையில் சிகிச்சை, சாயங்காலம் திருத்தணி ரயில், அப்புறம் பஸ் என்று திரும்பி வந்துவிட்டால், சிகிச்சை செய்தவர் எங்கோ, நாம் எங்கோ. டாக்டர் சொல்லும் வரை அங்கேயே பக்கத்தில் தங்குங்கள். துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போங்கள்.

உங்கள் பக்கமும் ஒளிக்காதீர்கள். சர்க்கரை, பி.பி., அலர்ஜி, சாப்பிடும் மாத்திரை, நாட்டு மருந்து, பீடி, சிகரெட் எல்லாவற்றையும் சொல்லுங்கள். புகைத்தால் காயம் ஆறுவது தாமதமாகும். பொதுவாக, அழகுக்காக மட்டும் செய்யும் சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடு கிடைக்காது. எனவே ஏதாவது கோளாறு ஆனால் யார் செலவு என்பதை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். சந்தேகமா? சென்னை ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைகளில் பிளாஸ்டிக் சர்ஜரி துறை இருக்கிறது. அங்கே ஒருமுறை கேட்டுவிடலாம்.

‘இவ்வளவு கேட்டா டாக்டர் கோவிச்சுக்க மாட்டாரா?’ என்று தயங்க வேண்டாம். ஒரு புடவை எடுக்கவே ஜரிகையை உரசிப் பார்க்கிறவர்கள் நாம். கேள்விக்குக் கோபப்படுகிற இடத்தில் முன்பணம் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள். ‘உங்களுக்கு இது தேவையில்லை’ என்று திருப்பி அனுப்புகிற டாக்டர் கிடைத்தால், அவர் பேச்சை நம்புங்கள்.