வாக்கிங் எங்கே போவது?

பூங்காவின் புல்வெளியைக் கொஞ்சம் தாழ்த்தி, பெருமழை கொட்டும் சில மணி நேரம் தெருத்தண்ணீரை அதில் தேக்கலாம் என்று சென்னையில் சொல்லிப் பாருங்கள். "அப்ப வாக்கிங் எங்க சார் போறது?" என்றுதான் முதல் கேள்வி வரும். அந்த மழையில் யாரய்யா வாக்கிங் போகிறார்கள்?

பூங்காவுக்குள் விடாத தண்ணீர் ஆவியாகிவிடப் போவதில்லை. பள்ளத்துத் தெருவில் யாரோ ஒருவர் வீட்டு அடுப்படிக்குப் போகும். நடைபாதை நனையக் கூடாது என்பவர் கேட்பது இதைத்தான். வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

ஒரு ஏக்கரை மூன்றடி தாழ்த்தினால் ஏறக்குறைய 37 லட்சம் லிட்டர் கொள்ளும். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 300 லாரிக்கு மேல். கோபன்ஹேகனில் 2011 ஜூலையில் மேகம் உடைத்துக்கொண்டு ஊரே மூழ்கியது. அதன்பின் எங்ஹேவ் பூங்காவைச் சுற்றித் தாழ்வான சுவர் எழுப்பி 22,600 கன மீட்டர் தண்ணீர் தேங்கும்படி மாற்றி, 2019-இல் திறந்தார்கள். மற்ற நாளெல்லாம் பிள்ளைகள் அங்கே விளையாடுகிறார்கள்.

நம் ஊரில் இதற்கு வெளிநாட்டு உதாரணமே தேவையில்லை. 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை எழுப்பினோம். வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரியில். வாடகை பாக்கி வைத்த குடித்தனக்காரர், வீட்டுக்காரரைப் பார்த்து "எங்கே வந்தீங்க?" என்று கேட்பது போலிருக்கிறது நம் ஆட்சேபணை.

ஆனால் மாநகராட்சிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 'ஸ்பாஞ்ச் பார்க்' என்று பெயர் வைத்துக் குளம் வெட்டினால் மட்டும் போதாது. அழகுக்காக அதை எப்போதும் நிரப்பியே வைத்தால், நவம்பரில் வருகிற மழையை எங்கே ஊற்றுவது? வடகிழக்குப் பருவமழை ஒரே நாளில் பெய்து முடிகிற மழை இல்லை. விட்டு விட்டு வரும். வடிகாலில் மட்டம் இறங்கியதும் ஷட்டரைத் திறந்து, ஒரே நாளில் பூங்காவைக் காலி செய்தாக வேண்டும். மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாகக் கொடுத்திருக்கும் கழிவுநீர் இணைப்புகளை அதற்கு முன்பே துண்டிக்க வேண்டும். இல்லாவிட்டால் பூங்காவில் நிற்பது சாக்கடை; கொசு என்று கத்துகிறவர் பக்கம்தான் நியாயம் போய்விடும். ஷட்டர் சாவி யாரிடம் இருக்கிறது என்று வாசல் போர்டில் எழுதி வையுங்கள், செல்போன் எண்ணோடு.