தங்கும் ஊரின் கணக்கு

பாத யாத்திரை முடித்துத் திரும்பியவரைக் கண்டால் நாம் முதலில் கேட்கும் கேள்வி, "எத்தனை மைல் நடந்தீர்கள்?" என்பதுதான். "எங்கே தங்கினீர்கள்? யார் அன்னமிட்டார்கள்?" என்று கேட்பவர்கள் அபூர்வம். ஆனால் நெடுந்தூரம் நடந்து பழகியவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். யாத்திரையைக் கால்கள் மட்டும் நடத்துவதில்லை. வழியிலுள்ள ஊர்களும் சேர்ந்தே நடத்துகின்றன.

மனிதன் தோளில் சுமக்கக்கூடிய ஆகாரம் ஒரு வாரத்துக்கு வந்தால் அதிகம். அதற்கு மேல் சுமந்தால் சுமையே நடையைக் கெடுத்துவிடும். ஆகையால் காட்டிலும் மலையிலும் நடப்பவன் அவ்வப்போது ஊருக்குள் இறங்கியே தீரவேண்டும். அமெரிக்காவில் அப்பலாச்சியன் மலைத்தொடரை ஒட்டி, ஜார்ஜியா முதல் மெயின் வரையில், 14 மாகாணங்களின் ஊடே ஏறக்குறைய 2,190 மைல் நீளமுள்ள நடைபாதை ஒன்று இருக்கிறது. 1937-இல் அது முழுமை பெற்றது. யுத்தத்திலிருந்து திரும்பிய ஏர்ல் ஷேஃபர் என்ற இளைஞர் 1948-இல் அதை ஒரே மூச்சில் நடந்து முடித்துப் புகழ் பெற்றார். இன்றும் அப்பாதையில் ஐந்தாறு மாத காலம் நடப்பவர்கள் உண்டு. அவர்கள் சில நாட்களுக்கு ஒருமுறை வழியிலுள்ள சிற்றூரில் இறங்குகிறார்கள். ஸ்நானம் செய்து, துணி துவைத்து, வயிறார உண்கிறார்கள். தங்கள் பெயருக்கே முன்கூட்டித் தபாலில் அனுப்பி வைத்த உணவுப் பார்சலை வாங்கிக்கொண்டு மறுபடியும் மலையேறுகிறார்கள்.

ஒரு மைல்கூட நடக்காமல் ஊரில் தங்கிவிடும் நாளை அவர்கள் 'ஜீரோ நாள்', அதாவது பூஜ்ய நாள் என்கிறார்கள். அன்றைக்கு முன்னேற்றம் பூஜ்யந்தான். ஆனால் கொப்புளம் கண்ட பாதம் ஆறுவதும், சோர்ந்த மனம் தெளிவதும் அந்தப் பூஜ்யத்திலேதான். எண்ணுக்குப் பின்னால் நிற்கும் பூஜ்யத்துக்கு மதிப்பு உண்டல்லவா?

விர்ஜீனியாவிலுள்ள டமாஸ்கஸ் என்னும் சிற்றூரில் அந்தப் பாதை தெருவின் வழியாகவே செல்கிறது. நடப்பவர்களுக்குச் சோறும் படுக்கையும் கிடைக்கின்றன. ஊராருக்கு வியாபாரம் நடக்கிறது. கொடுக்கல் வாங்கல் கணக்கு அன்றைக்கே தீர்ந்துவிடுகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் காசைக் கொடுத்துத் தீர்க்க முடியாத கணக்கும் ஒன்று உண்டு. நம் தேசத்தில் 1930-ஆம் வருஷம் நடந்த இரண்டு யாத்திரைகள் அதை நமக்குக் காட்டுகின்றன.

அவ்வருஷம் மார்ச்சு மாதம் 12-ஆம் தேதி காந்திஜி 78 தொண்டர்களுடன் ஸபர்மதியிலிருந்து புறப்பட்டார். தண்டி கடற்கரை அங்கிருந்து சுமார் 240 மைல். அப்போது அவருக்கு வயது அறுபது கடந்துவிட்டது. திங்கட்கிழமை அவருக்கு மௌன விரத நாள். அன்றைக்கு நடையும் இல்லை. வழியிலுள்ள கிராமங்களுக்கு அவர் முன்னதாகவே எழுதியிருந்தார்: ஆகாரம் மிக எளியதாக இருக்கவேண்டும், தித்திப்புப் பண்டம் கூடாது, படுக்கச் சுத்தமான இடம் போதும் என்று. அதோடு, அவ்வூர் ஜனத்தொகை எவ்வளவு, எத்தனை ராட்டினங்கள் சுழல்கின்றன, எவ்வளவு உப்புச் செலவாகிறது என்றெல்லாம் விவரம் சேகரித்து வைக்கும்படியும் கேட்டிருந்தார். ஓர் ஊரில் தங்குவது என்றால் அவ்வூரை அறிந்துகொள்வது என்றே அவர் பொருள் கொண்டார்.

இருந்தும் நாளடைவில் உபசாரம் வரம்பு மீறிற்று. அன்பு மிகுதியால் நேர்ந்ததுதான். ஸூரத்திலிருந்து மோட்டாரில் பால் வந்தது, காய்கறிகள் வந்தன, இரவிலே வழிகாட்டக் கூலியாட்கள் பெரிய விளக்குகளைத் தலையில் சுமந்துகொண்டு ஓடினார்கள். மார்ச்சு 29-ஆம் தேதி பட்காம் என்ற கிராமத்தில் காந்திஜி இதைக் குறித்து மனம் நொந்து பேசினார். சராசரி இந்தியனுடைய தினசரி வருமானம் இரண்டணாவுக்கும் குறைவு. வைஸ்ராயின் சம்பளமோ நாளொன்றுக்கு எழுநூறு ரூபாய்க்கும் மேல் என்று அந்த மாதந்தான் வைஸ்ராய்க்கே அவர் கடிதம் எழுதியிருந்தார். அப்படி எழுதிய கை, ஏழையின் கிராமத்தில் உட்கார்ந்துகொண்டு அவனால் எட்ட முடியாத பாலையும் பழத்தையும் வாங்கலாமா என்பதே அவருடைய கேள்வி. உப்புச் சட்டத்தை மீறுவதற்கு முன்பே, தங்குமிடத்துச் செலவில் தம்மையும் தம் தொண்டர்களையும் அவர் விசாரணைக்கு உட்படுத்தினார்.

அடுத்த மாதம் தமிழ்நாட்டில் நடந்ததோ இதற்கு நேர்மாறு. அங்கே உபசாரம் மிகுந்தது சங்கடமாயிற்று. இங்கே உபசாரமே குற்றமாயிற்று. ஏப்ரல் 13-ஆம் தேதி, தமிழ் வருஷப் பிறப்பன்று, ராஜாஜி ஏறக்குறைய நூறு தொண்டர்களுடன் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்தை நோக்கிப் புறப்பட்டார். தூரம் சுமார் 150 மைல். பதினைந்து நாள் நடை. அப்போது தஞ்சை ஜில்லாக் கலெக்டராயிருந்தவர் தார்ன் துரை. தம் பெயரிலேயே முள்ளை வைத்திருந்த அவர், தொண்டர்களுக்குச் சோறு போடுகிறவர்களும் இடங்கொடுக்கிறவர்களும் தண்டிக்கப்படுவார்கள் என்று தண்டோராப் போட்டார். நடப்பவர்களை அடிக்க வேண்டியதில்லை. ஊர்க் கதவுகளை அடைத்துவிட்டால் அவர்கள் தாமாகவே திரும்பிவிடுவார்கள் என்பது அந்த யோசனை. யாத்திரையின் உயிர்நாடி எங்கே இருக்கிறது என்பதைத் துரை சரியாகத்தான் கண்டுபிடித்தார்!

ஆனால் காவிரிக் கரையின் சுபாவத்தை அவர் கண்டுபிடிக்கவில்லை. சாலையோர மரக்கிளைகளில் சோற்று மூட்டைகள் தொங்கின. கட்டியவர் யார் என்று மரத்தையா விசாரிக்க முடியும்? கும்பகோணத்தில் பந்துலு ஐயர் ஒளிவு மறைவின்றித் தம் வீட்டிலேயே தொண்டர்களைத் தங்கவைத்து அன்னமிட்டார். அதற்காக ஆறு மாதம் சிறை சென்றார். வேதாரண்யத்தில் இடங்கொடுத்த ஸர்தார் வேதரத்தினம் பிள்ளையும் சிறை புகுந்தார். அவ்வூர்ச் சவரத் தொழிலாளி வைரப்பன், தம் முன்னே உட்கார்ந்தவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அவருக்கும் சிறைதான் கிடைத்தது. நடந்து வந்தவர்களுக்குத் திறந்த ஊர், அதிகாரத்துக்குத் தன் சேவையை மூடிக்கொண்டது.

இப்பேர்ப்பட்ட சோற்றுக்கு விலை என்ன? தொண்டர்கள் தங்கள் வழியில் கதரைப் பற்றியும், மதுவிலக்கைப் பற்றியும், தீண்டாமையைப் பற்றியும் ஜனங்களிடம் பேசினார்கள்; தெருக்களைக் கூட்டினார்கள். அன்னமிட்டவனுடைய கடனை அவனுடைய ஊருக்கே திருப்பிக் கொடுக்கும் முறை அது. வேறு முறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இவ்வளவையும் இப்போது எடுத்துச் சொல்லக் காரணம் உண்டு. தைப்பூசத்தை ஒட்டிச் செட்டிநாட்டிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் ஆயிரக் கணக்கானோர் பழனிக்கு நடக்கிறார்கள். வழிநெடுக நீர்மோரும் அன்னமும் வழங்கும் புண்ணியவான்களுக்குக் குறைவில்லை. தங்குவதற்குச் சத்திரமும் கல்யாண மண்டபமும் பள்ளிக்கூடமும் திறந்துவிடப்படுகின்றன. ஆனால் கூட்டம் கடந்து சென்ற மறுநாட்காலை அந்தச் சாலையோரங்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள்: எச்சில் தட்டுகளும், பிளாஸ்டிக் குவளைகளும், பாதி தின்று எறிந்த சோறும் குவிந்து கிடக்கும். அவற்றை அள்ளுகிறவர்கள் பெரும்பாலும் அவ்வூர்த் துப்புரவுத் தொழிலாளர்களே. யாத்திரையின் புண்ணியம் நமக்கு, அதன் எச்சில் அவர்களுக்கு என்றால், அது எந்தக் கணக்கில் சேரும்?

தங்குகிற நாள் வேண்டியதுதான். வெந்நீரில் உப்பிட்டுக் கால் நனைக்கட்டும், வயிறார உண்ணட்டும், பகலெல்லாம் உறங்கினாலும் தவறில்லை. உடம்பைத் தண்டிப்பது யாத்திரையின் நோக்கமன்று. ஆனால் அவ்வூரார் வழக்கமாக உண்பதற்கு மேல் ஒன்றும் கேட்கவேண்டாம். இலையில் வாங்கியதை மிச்சம் வைக்கவேண்டாம். புறப்படுமுன் படுத்த இடத்தைக் கூட்டிவிட்டு, அன்னமிட்டவருடைய பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போகவேண்டும்.

குழந்தைகளை யாத்திரைக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர்கள் அந்தத் துடைப்பத்தை அவர்கள் கையிலேயே கொடுக்கலாம். நடந்த மைல்களைக் குழந்தைகள் விரைவில் மறந்துவிடுவார்கள்; கூட்டிய இடத்தை மறக்கமாட்டார்கள்.