மேகத்துக்கு ஒரு பக்கம்



உங்கள் பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுத்து, மேகம் ஒன்று வரையச் சொல்லிப் பாருங்கள். ஐந்தாறு வளைவுகளை ஒன்றோடொன்று கோத்து, நீலக் கோடு போட்டு, நொடியில் கொண்டுவந்து தந்துவிடும். நீங்கள் வரைந்தாலும் அநேகமாக அதுவே வரும். நீலக் கோடு சுற்றிய மேகம் வானத்தில் எங்கே இருக்கிறது? அது நாம் புத்தகத்தில் கண்ட மேகம். தலைக்கு மேலே இருப்பதை நாம் இன்னும் பார்க்கவில்லை.

இம்மாதம் ஒரு சிறு வேலையைச் சொல்லித்தர விரும்புகிறேன். ஒரு சித்திரக் கொப்பியை எடுத்து, வழமைக்கு மாறான மேகம் ஒன்றைக் காணும் நாளில் அதற்கென ஒரு பக்கத்தை ஒதுக்குங்கள். ஒரு புறம் எழுத்து, மறுபுறம் வர்ணம். உம்மாவும் பிள்ளைகளும் சேர்ந்து செய்யலாம். உம்மா தனியாகவும் செய்யலாம்.

ஓவியம் என்றதும் சிலருக்குத் தயக்கம் வரும். உருவம் வரைவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்தபோது, மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையும்படியே அவர்கள் வழிகாட்டினார்கள் என்பது ஹதீஸ் நூல்களில் உள்ள செய்தி. மேகம் வரைவதில் தயங்க எதுவுமில்லை.

எந்த மேகத்தை வரைவது? சித்திரை மாதத்திலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் நம் நாட்டில் பிற்பகல் இடிமழை அதிகம். அந்நாட்களில் தூரத்தில் எழும் இடிமேகத்தைப் பாருங்கள். மலைபோல் உயர்ந்து, உச்சியில் கொல்லனின் அடைகல்லைப் போலத் தட்டையாகப் பரந்திருக்கும். சில வேளைகளில் அந்தத் தட்டையின் அடிப்புறத்தில், பைகளைத் தொங்கவிட்டதுபோலப் புடைப்புகள் வரிசையாக இறங்கும். சூரியனுக்கு அண்மையிலுள்ள மெல்லிய மேகத்தில் சிப்பியின் உட்புறத்தைப் போன்ற நிறங்கள் தோன்றுவதும் உண்டு. ஏறத்தாழ ஒரே அளவான நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியைச் சிதறச் செய்வதால் வரும் நிறங்கள் அவை. அதைப் பார்க்கும்போது சூரியனைக் கூரை ஓரத்தால் மறைத்துக்கொள்ளுங்கள்; நேராகப் பார்த்தால் கண்ணுக்குக் கேடு.

மேகங்களுக்குப் பெயரிட்டு வகைப்படுத்தியவர்களில் முக்கியமானவர் லூக் ஹோவர்ட். லண்டனில் மருந்து தயாரிக்கும் தொழில் செய்த அவர், 1802 ஆம் ஆண்டு ஆற்றிய உரையில் சுருள்மயிர், குவியல், படை என்ற பொருள் தரும் லத்தீன் பெயர்களை மேகங்களுக்குச் சூட்டினார். அவற்றையே உலகம் இன்றும் பயன்படுத்துகிறது. 2006 ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு பெண்மணி, கட்டடமொன்றின் யன்னலிலிருந்து, கொந்தளிக்கும் கடலைத் தலைகீழாகக் கவிழ்த்ததுபோன்ற ஒரு மேகத்தைப் படம் பிடித்தார். அந்தப் படம் மேகங்களை விரும்பிப் பார்ப்போரின் சங்கமொன்றுக்குப் போய்ச் சேர்ந்தது. இருந்த வகைகளில் எதற்குள்ளும் அது சரியாக அடங்கவில்லை. 2017 ஆம் ஆண்டு உலக வானிலை அமைப்பு வெளியிட்ட மேகப் படத்தொகுப்பில், அத்தகைய மேகத்தோற்றத்துக்கு 'அஸ்பெரிட்டாஸ்' என்ற பெயர் இடம்பிடித்தது. கரடுமுரடு என்பது அதன் பொருள். யன்னலருகே நின்று கவனித்துப் பார்த்த ஒருவரால் தொடங்கிய காரியம் அது. யன்னல் நம் எல்லோரது வீட்டிலும் இருக்கிறது.

இனி பக்கத்துக்கு வருவோம். தூரிகையைத் தொடுவதற்கு முன் ஐந்து நிமிடம் பாருங்கள். மேகம் நிற்காது, ஆகையால் முதலில் சொற்களால் பிடித்துக்கொள்ள வேண்டும். இடதுபுறப் பக்கத்தில் திகதி, நேரம், திசை, காற்று ஆகியவற்றை எழுதுங்கள். 'அஸருக்குப் பின், 4.20 மணி' என்று எழுதினால் போதும். திசை தெரியாது என்று சொல்லாதீர்கள். கிப்லா தெரியாத வீடு நம்மிடம் இல்லை. இலங்கையிலிருந்து கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்தது. அதை வைத்து மற்றத் திசைகளைக் கண்டுகொள்ளலாம். பிறகு மேகத்தின் விளிம்பு கூர்மையா, பிசிர் பிசிராகவா, எந்த இடம் மிக இருண்டது, எது மிக வெளுத்தது என்று ஒவ்வொரு வரி எழுதுங்கள்.

வலதுபுறத்துக்குப் பிரிஸ்டல் போர்ட் துண்டொன்றை ஒட்டிக்கொண்டால் ஈரத்தில் தாள் சுருங்காது. மேகத்தின் மிகப் பிரகாசமான ஓரம் எதுவோ, அங்கே வெள்ளை மெழுகுதிரியால் அழுத்தித் தேயுங்கள். வர்ணம் அதில் ஒட்டாது. வெள்ளை வெள்ளையாகவே நிற்கும். பின் தாளைச் சுத்தமான நீரால் நனைத்து வர்ணத்தைப் பரவ விடுங்கள். மழைமேகத்துக்குக் கறுப்பை எடுக்க வேண்டாம். நீலத்துடன் சிறிது மண்ணிறம் கலந்தால் உயிருள்ள சாம்பல் நிறம் வரும். அது காய்வதற்குள் டிஷ்யூத் தாளை உருட்டி, ஒளி விழும் இடங்களில் ஒற்றி எடுங்கள். புடைப்புகள் தாமாகவே எழும்பும். மாலை வானத்துக்கு வர்ணம் இல்லையா? ஆறிய சாயத் தேத்தண்ணியை ஒரு தடவை பூசிப் பாருங்கள். கடைசியில் தாளின் அடியில் உங்கள் அயல்வீட்டுக் கூரையையோ தென்னை மரத்தையோ சிறிதாக வையுங்கள். மேகம் எவ்வளவு பெரியது என்பதை அதுதான் சொல்லும்.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. கண்டதை வரையுங்கள், காணாததைச் சேர்க்காதீர்கள். ஜோன் கொன்ஸ்டபிள் என்ற ஆங்கில ஓவியர் 1821, 1822 ஆம் ஆண்டுகளில் லண்டனுக்கருகே ஹெம்ஸ்டெட் மேட்டிலிருந்து வானத்தை மட்டுமே வரைந்து, அவற்றில் பலவற்றின் பின்புறத்தில் நாளையும் நேரத்தையும் காற்றையும் குறித்து வைத்தார். இருநூறு வருடங்கள் கழிந்த பின்னும் அவை அந்நாளின் வானத்துக்குச் சாட்சியாக இருக்கின்றன. சாட்சி சொல்பவர் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்பது நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடமல்லவா?

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? மேகத்தில் புனித எழுத்துக்கள் தோன்றியதாகவும், வானம் பிளந்ததாகவும் வட்ஸ்அப்பில் படங்கள் வருகின்றன. 'சுப்ஹானல்லாஹ், பத்துப் பேருக்கு அனுப்புங்கள்' என்று கீழே எழுதியிருக்கும். நாமும் அனுப்பிவிடுகிறோம். அவற்றில் கணினியில் செய்யப்பட்டவை எத்தனை! படைத்தவனின் வல்லமைக்கு நம்முடைய பொய் துணை நிற்கத் தேவையில்லை. வீட்டு முற்றத்தில் நின்று ஒரு மேகத்தை ஐந்து நிமிடம் உண்மையாகப் பார்த்து எழுதிய பிள்ளை, நாளைக்கு ஒரு படம் வந்தால் 'எந்த ஊரில் எடுத்தது? எந்த நாளில்?' என்று கேட்கும். அந்தக் கேள்வி அதன் வாயில் வந்துவிட்டால் கொப்பிக்குச் செலவழித்த காசு வீணாகவில்லை.

மேகம் அழகு மட்டுமல்ல. கருமேகத்தைக் கண்டால் நபி (ஸல்) அவர்களின் முகம் மாறும். உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருப்பார்கள். மழை பெய்த பின்பே அந்தக் கவலை நீங்கும் என ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஆத் கூட்டத்தார், தங்களை நோக்கி வந்த மேகத்தை மழையென்று எண்ணி மகிழ்ந்திருந்தபோதுதான் அழிவு வந்தது. ஆகவே இடியோசை காதில் விழுந்தால், மின்னல் எட்டும் தூரத்தில்தான் நீங்கள் இருக்கிறீர்கள். கொப்பியை மூடிக்கொண்டு பிள்ளைகளுடன் உள்ளே வந்துவிடுங்கள். மிச்சத்தை நினைவிலிருந்து வரையலாம். 'இது நினைவிலிருந்து வரைந்தது' என்று ஓரத்தில் எழுதியும் விடுங்கள்.

மாதத்துக்கு ஒரு பக்கம் போதும். அடுத்த வருடம் இதே மாதம் கொப்பியைத் திறந்து, அன்றைய வானத்தையும் பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முதற் பக்கத்தை இந்த வாரமே தொடங்குங்கள்.