தீயணைப்புத் தொண்டரும் உடல் வலிமையும்

ஊரில் தீ மூண்டால் அதனை அணைப்பது ஊதியம் பெறும் படையினரின் கடமை என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அமெரிக்க ஐக்கிய நாட்டில் நிலைமை வேறு. அங்குள்ள தீயணைப்போருள் ஏறத்தாழ மூன்றில் இருவர் தொண்டர்கள். சிற்றூர்களில் உழவரும் தச்சரும் கடைக்காரரும் ஆசிரியரும் அழைப்பு வந்ததும் கைவேலையை விட்டு விரைகின்றனர். இது நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. 1736-ஆம் ஆண்டிலேயே பெஞ்சமின் பிராங்க்ளின் பிலடெல்பியா நகரில் நண்பர்களுடன் கூடி ஒரு தீயணைப்புச் சங்கம் நிறுவினார். உறுப்பினர் ஒவ்வொருவரும் தோல் வாளிகளையும், பொருள்களை அள்ளிச் செல்லும் பைகளையும் ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும் என்பது அதன் விதி. ஒருவருக்கு நேரும் இடரைப் பலரும் சேர்ந்து தாங்கும் கூட்டுறவு நெறியே இதில் விளங்குகிறது.

இத்தகைய படையில் புதிதாகச் சேரும் இளைஞருக்கு ஊக்கம் மிகுதி. ஊக்கம் இருந்தால் வலிமை தானே வந்துவிடும் என்று அவர் நம்புகிறார். இந்நம்பிக்கை தவறானது மட்டுமன்று, உயிருக்கே கேடு விளைப்பதுமாகும் என்பது நமது கருத்து.

அவர் சுமக்க வேண்டிய பாரத்தை எண்ணிப் பாருங்கள். காப்புடை, தலைக்கவசம், காலணி, முதுகிலே காற்றுக்கலம் ஆகியவற்றின் எடை மட்டும் 20 கிலோவுக்கு மேற்படும். 44 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் 15 மீட்டர் நீளத்திற்கு நீர் நிரம்பினால், அந்நீர் மட்டுமே ஏறக்குறைய 23 கிலோ. காப்புடையோ வெளிவெப்பத்தைத் தடுப்பதுபோலவே உடல் வெப்பம் வெளியேறுவதையும் தடுக்கிறது. ஆகவே உழைக்கும் தசைகளுக்கும், வெப்பத்தைத் தணிக்கும் தோலுக்கும் ஒரே வேளையில் இரத்தம் செலுத்தும் பெரும்பொறுப்பு இதயத்தின்மேல் விழுகிறது.

இதன் விளைவைக் கணக்கே காட்டும். 1994 முதல் 2004 வரை அந்நாட்டில் பணியின்போது இறந்த தீயணைப்போரைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று 2007-இல் வெளியாயிற்று. 2001 செப்டம்பர் 11-ஆம் நாள் நிகழ்ச்சியில் மாண்டோரை நீக்கி எண்ணிய 1,144 பேரில் 449 பேர் இதய நோயால் இறந்தனர். அவ்விதய மரணங்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு தீயை அணைக்கும் வேளையில் நேர்ந்தது. பணிக்காலத்தில் அவ்வேளையோ நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து பங்கே என்று ஆய்வாளர் மதிப்பிட்டனர்.

“உழைத்துப் பழகிய உடம்புக்குத் தனிப் பயிற்சி எதற்கு?” என்று சிலர் கேட்பர். ஒவ்வொரு தொழிலும் உடம்பின் ஒரு பகுதியையே பழக்குகிறது. நாள் முழுதும் தறியில் அமர்ந்து மிதிப்பவருக்குக் கையும் காலும் ஒத்தியங்கும் திறம் உண்டு. ஆயினும் 30 கிலோ சுமையுடன் மூன்று மாடி ஏறச் சொன்னால் அவருக்கும் மூச்சு வாங்கும். டிராக்டரில் அமர்ந்து உழும் அமெரிக்க உழவர் நிலையும் அதுவே.

அங்குப் பல நகரப் படைகள் ஊதியப் பணிக்கு ஆள் எடுக்கையில் வைக்கும் தேர்வு ஒன்று உண்டு. சுமார் 23 கிலோ எடையுள்ள அங்கியை அணிந்து, எட்டு வேலைகளை 10 நிமிடம் 20 விநாடிக்குள் முடித்தல் வேண்டும். முதல் வேலையில் மேலும் 11 கிலோ ஏற்றி, மூன்று நிமிடம் இடைவிடாது படியேற வேண்டும். பின்னர் குழாய் இழுத்தல், ஏணி நிமிர்த்தல், சம்மட்டி அடித்தல், 75 கிலோ பொம்மையை இழுத்து வருதல் முதலியன. கால், பிடி, மூச்சு இம்மூன்றுமே முதன்மையானவை என்பதைத் தொண்டரும் இதிலிருந்து அறியலாம்.

முதலில் மருத்துவரிடம் உடலைக் காட்டுக. பின்பு சில வாரம் விரைந்து நடத்தல், அடுத்துப் படியேறுதல் என முன்னேறுக. பஸ்கி, தண்டால், இரு கைகளிலும் நீர் நிறைந்த வாளி ஏந்தி நடத்தல், கயிறு கட்டிச் சுமையிழுத்தல் ஆகியவற்றை வாரம் இருமுறை அல்லது மும்முறை பழகினால் போதும். இடையிடையே ஓய்வு வேண்டும். மூச்சு நிலைபெற்ற பின்னரே சுமையைக் கூட்டுக. முழுக் காப்புடையுடன் பழகுவது இறுதியில் வரட்டும். மார்பில் வலியோ தலைச்சுற்றலோ தோன்றினால் உடனே நிறுத்தி, அதனை வெளிப்படச் சொல்லுக. மறைப்பது வீரமன்று.

ஆனால் பொறுப்பு முழுவதையும் தொண்டர் தலையிலேயே சுமத்துவது நேர்மையன்று. மருத்துவச் சோதனைக்குச் செலவாகும் என்று அதனைக் கைவிடும் சிறிய படைகள் பல உள்ளன. நூல் கொடாமல் நெசவாளரிடம் துணி கேட்கும் சங்கம் உண்டா? உழைப்பை இலவசமாகத் தருபவருக்குச் சோதனையும் பயிற்சியும் அளிப்பது படையின் கடன். வலிமை போதாதவரை விலக்கவும் வேண்டா. நீர் இறைக்கும் எந்திரத்தை இயக்கவும், பாதையைக் காக்கவும், கணக்கெழுதவும் ஆட்கள் தேவை.

புகைக்குள் ஒரு தொண்டர் மயங்கி வீழ்ந்தால், வீட்டிலுள்ளோரை மீட்கச் சென்ற தோழர்கள் திரும்பி அவரைத் தூக்க வேண்டியதாகும். அவ்வளவு நேரம் உள்ளே இருப்பவர் காத்திருக்க வேண்டும். ஆதலின் உடல் வலிமை தொண்டரின் சொந்தப் பெருமைக்குரியது அன்று; தோழருக்கும் ஊருக்கும் அவர் செலுத்த வேண்டிய பங்குத் தொகை. அதனை ஒரே நாளில் கட்ட இயலாது. சிறுகச் சிறுகவே சேர்க்க இயலும். அழைப்பு வருமுன் சேர்த்து வைப்பதே அறிவுடைமை.