குரக்குவலியும் ஓட்டப் பயிற்சியும்

நெடுந்தூரம் ஓடிய மாணவன் கெண்டைக்கால் சுண்டி இழுக்கத் தரையில் வீழ்வானாயின், அருகில் நிற்போர் உப்புநீர் தேடி விரைவர். வியர்வையொடு நீரும் உப்பும் கழிதலே குரக்குவலிக்குக் காரணமென்னும் எண்ணம் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. 2011-ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆராய்ச்சியோ வேறு கூறுகின்றது. நீந்தியும், மிதிவண்டி ஊர்ந்தும், முடிவில் 42 கிலோமீட்டர் ஓடியும் போட்டியிட்ட 210 வீரரை ஆராய்ந்தவிடத்து, நீரிழப்பும் இரத்தத்து உப்பளவும் அவ்வலிக்கு ஏதுவாகக் காணப்படவில்லை. வேக மிகுதியும், முன்னரே அவ்வலி உற்றிருந்தமையுமே அதனோடு தொடர்புற்றிருந்தன.

ஆகவே, தாகத்திற்கு நீர் அருந்துதல் இன்றியமையாததாயினும், பயிற்சிக்கு மிஞ்சி உழைத்துக் களைத்த தசையையே முதலில் கருதவேண்டும் என்பது எம் துணிபு. வலி கண்டவுடன் முழங்காலை நீட்டிக் கால்விரல்களைத் தன்பால் இழுத்து, அரை நிமிடம் அவ்வாறே நிறுத்துக. பின்னர் மெல்லப் பிடித்துவிடுக. இது தணிக்கும் வழி. ஓடும் தூரத்தை வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுதலும், பழகாத வேகத்தைப் போட்டியன்று மேற்கொள்ளாமையும் தடுக்கும் வழியாம்.

விளையாட்டு விழாவிற்கு இருவாரம் இருக்கும்போது மாணவரைக் களத்திற்கு அழைத்தல் போதாது. முதற் பருவத்திலேயே பயிற்சி தொடங்குமாயின், ஓட்டத்தின் நடுவே காலைப் பற்றிக்கொண்டு அமரும் இளைஞர் தொகை குறையும். உடற்பயிற்சி ஆசிரியரும் மாணவரும் இதனைச் சிந்திப்பாராக.